வாக்குச்சீட்டில் பெயரை எழுதுவது யார்?

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி காலை, திகன நகருக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் வாக்களிப்பதற்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ராஜவெல்ல பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர். என் தகப்பனாரை நன்கறிந்தவர். அதனால் எனக்குத் தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் தம்பிதான். வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர், நான் வரும்வரை காத்திருந்து ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, புள்ளடி போடுறது நாமதான். சரி. இந்தச் சீட்டுல இத்தனை பேரை எழுதினது யாரு?"

அந்த ஆண்டு வேட்புமனுத் தாக்கல் செய்தோர் 39 பேர். வாக்குச்சீட்டைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்தல் செய்திகளை எழுதிப் பிழைத்தவனாகிய எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல இயலாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இலங்கையில் 1982 முதல் 2024 வரை ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்துள்ளன. வாக்களிப்பு, மோசடி, வன்முறை, பகிஷ்கரிப்பு, பெறுபேறு ஆகியவை பற்றி நூலகம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வேட்பாளர்கள் எவ்வாறு வேட்பாளர்களானார்கள் என்பது பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. காரணம் எளிது. அது பெரும்பாலும் மூடிய அறைக்குள் நடந்தது. எங்களைப் போன்ற செய்தியாளர்கள் அந்த அறைக்கு வெளியே, வாகனங்களின் அருகே நின்றுகொண்டிருந்தோம்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 31 ஆவது உறுப்புரை ஜனாதிபதி வேட்பாளரை யார் நியமிக்கலாம் என்பதைக் கூறுகிறது. அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சியொன்று தகுதியுள்ள எந்தப் பிரசையையும் நிறுத்தலாம். அத்தகைய கட்சி அல்லாத வேறொரு கட்சியோ, வாக்காளர் இடாப்பில் பெயருள்ள ஒரு வாக்காளரோகூட ஒருவரை நியமிக்கலாம். ஆனால் அவ்வாறு நியமிக்கப்படுபவர் சட்டமன்றத்தின் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது முன்னொருகாலத்தில் இருந்திருக்க வேண்டும். 1981 ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல் சட்டம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபா, சுயேச்சை வேட்பாளருக்கு 75,000 ரூபா எனக் கட்டுப்பணத்தை நிர்ணயித்தது. 2024 தேர்தலிலும் அதே தொகைதான். ரூபாவின் பெறுமதி தேய்ந்த தேய்வில் அந்தப் பணம் இன்று எவருக்கும் ஒரு தடையாகாது. உண்மையான தடை 31 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. சாதாரண வாக்காளனுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டு, அந்த வாசலால் பழைய எம்.பி. மட்டுமே நுழையலாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

கட்சி தன் வேட்பாளரை எந்த முறையில் தெரிவுசெய்ய வேண்டும் என்பது பற்றிச் சட்டம் வாய் திறப்பதில்லை. அங்கத்தவர்கள் வாக்களித்தார்களா, கிளைகள் கூடினவா என்று தேர்தல் அதிகாரி கேட்பதில்லை. கட்சிச் செயலாளரின் ஒப்பம் சரியாக இருந்தால் போதும். அந்த ஒப்பத்தின் வலிமையை இந்த நாடு பலமுறை கண்டது.

முதலாவது தேர்தலிலிருந்தே தொடங்க வேண்டும். 1982 ஒக்டோபர் 20 இல் நடந்த அந்தத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்தன தன்னைத் தானே வேட்பாளராக்கிக்கொண்டார் என்பதில் வியப்பில்லை. கட்சியும் அரசும் அவரது கைக்குள் இருந்தன. உரிய காலத்துக்கு முன்னரே தேர்தலை நடத்துவதற்காக அந்த ஆகஸ்ட் மாதத்தில் அரசியலமைப்பின் மூன்றாவது திருத்தத்தையும் நிறைவேற்றிக்கொண்டார். அதைவிட முக்கியமானது, தன் எதிராளி யாராக இருக்கக்கூடாது என்பதையும் அவரது ஆட்சியே தீர்மானித்தது. 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. அவரால் போட்டியிட முடியவில்லை. தம் கட்சி வேட்பாளருக்காக மேடையேறி வாக்குக் கேட்கவும் முடியவில்லை. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் இலட்சக்கணக்கான ஆதரவாளர்கள் யாரை விரும்பினார்களோ அவருடைய பெயர் சீட்டில் வராதபடி, வாக்களிப்புக்கு ஈராண்டுகளுக்கு முன்னரே பாராளுமன்றம் கதவை அடைத்துவிட்டது.

உள்ளுக்குள் பிளவுபட்டிருந்த அக்கட்சி இறுதியில் ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தியது. அவர் எங்கள் கண்டிப் பக்கத்து மனிதர், வழக்கறிஞர், யட்டிநுவர தொகுதியின் முன்னாள் உறுப்பினர், 1970 முதல் 1977 வரை விவசாய, காணி அமைச்சர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரே வேட்பாளர், தமிழர்களின் இரண்டு பகுதியினருக்கு இரண்டு வேறு மனிதராகத் தெரிந்த தேர்தல் அது. யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளருக்குக் கொப்பேகடுவ பொற்காலத்து அமைச்சர். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் அவர்கள் கல்வீடு கட்டினார்கள். திறந்த பொருளாதாரம் வந்து அந்தச் சந்தையைச் சரித்த பின்னர் அவரது பெயர் அங்கே இன்னும் இனித்தது. தமிழ் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் யாழ். மாவட்டத்தில் முதலிடம் பெற்றபோதிலும், கொப்பேகடுவவுக்கும் அங்கே பெருந்தொகையான வாக்குகள் விழுந்தன.

கண்டி மாவட்டத்துத் தோட்டங்களில் கதை வேறு. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் அதே அமைச்சரின் கையால் வந்தவை. நிலச்சீர்திருத்தம் என்பது கொள்கையளவில் நல்ல சொல்தான். ஆனால் அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாக வியர்வை சிந்தியவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. கண்டிப் பகுதியின் பல தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கண்டி நகரத்து வீதிகளில் பிச்சையெடுத்த தோட்டத்துக் குடும்பங்களை என் வயதினர் சிறுவர்களாகக் கண்டோம். 1977 மே 11 இல் டெவன் தோட்டத்தில் காணிச் சுவீகரிப்பை எதிர்த்த சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இந்த நினைவுகளோடு 1982 இல் கொப்பேகடுவவின் கை சின்னத்துக்குப் புள்ளடி போட மலையகத்தவனின் விரல் எழவில்லை. மறுபக்கம் இருந்தவரோ 1977 ஓகஸ்ட், 1981 ஓகஸ்ட் கலவரங்களின்போது நாட்டை ஆண்டவர். தெரிவு அவ்வளவுதான்.

அந்தத் தெரிவும் எல்லோருக்கும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வாக்கு இருந்தது. பெரியப்பாவுக்கு இல்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பறித்ததைப் பதிவின் மூலம் மீட்டுக்கொண்டவர் அப்பா. ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் எண்ணிக்கைகளுக்கு நடுவே எங்கோ சிக்கிக்கொண்டவர் பெரியப்பா. வாக்களிப்பு நாளன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டபோது பெரியப்பா விறகு பிளந்துகொண்டிருந்தார். யாருக்குப் போடப்போகிறாய் என்று அவர் கேட்கவுமில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. வேட்பாளரைத் தெரிவுசெய்யும் உரிமை பற்றி இன்று எழுதுகிறேன். வேட்பாளருக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லாதவர்கள் எங்கள் கூரையின் கீழ் இருந்தார்கள். நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 1988 நவம்பரில், அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது நிறைவேறியது. மிச்சம் மீதியாக நின்ற சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

1988 தேர்தல்தான் நான் முதலில் வாக்களித்த தேர்தல். பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. வாக்களிப்போருக்கு மரணம் என்று சுவரொட்டிகள் முளைத்திருந்தன. ஐக்கிய தேசியக் கட்சியில் பிரதமர் ரணசிங்க பிரேமதாச, லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என மூவர் காத்திருந்தனர். அரசியலமைப்பு மூன்றாம் தடவையை அனுமதிக்காதபடியால் ஜெயவர்தன விலகியாக வேண்டும். ஆனால் யாருக்காக என்பதை நெடுநாள் மடியில் முடிந்து வைத்திருந்தார்.

திகனவில் அன்று பலர் எதிர்பார்த்த பெயர் காமினியுடையது. கொத்மலைக்காரர், கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர், மகாவலி அமைச்சர். இந்தத் திகன நகரம் இன்றைய வடிவத்தைப் பெற்றதே விக்டோரியா அணையால்தான். 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சர் முன்னிலையில் திறக்கப்பட்ட அந்த அணையின் நீரில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அதன் இடிபாடுகள் இப்போதும் தலைகாட்டும். அணை கட்டியவரைப் போற்றியவர்களும் இங்கே இருந்தார்கள். அணையால் வீடிழந்து அவரைச் சபித்தவர்களும் இருந்தார்கள். அவர் வேட்பாளராக வேண்டுமா என்று இரு தரப்பினரையும் எவரும் கேட்கவில்லை. தலைவர் முடிச்சை அவிழ்த்தார். பிரேமதாசவின் பெயர் வந்தது. அவர் டிசெம்பர் 19 இல் 50.43 சதவீத வாக்குகளோடு வென்றார்.

அடங்கிப்போன மனக்குறை அடங்கியே இருக்கவில்லை. 1991 ஆகஸ்டில் பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணைக்குத் தலைமை தாங்கியோர் லலித்தும் காமினியும். பின்னர் நடந்தவை வாசகர்கள் அறிந்தவை. 1993 ஏப்ரல் 23 இல் லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாட்களின் பின் மே தினத்தில் பிரேமதாச குண்டுக்கு இரையானார். 1994 ஒக்டோபர் 24 ஆம் திகதி பிறந்த சற்று நேரத்தில் தொட்டலங்கவில் காமினியும் அவ்வாறே. 1988 இல் ஒரு நாற்காலிக்காகக் காத்திருந்த மூவரும் பதினெட்டு மாத இடைவெளிக்குள் மாண்டனர்.

பிரேமதாசவின் மிகுதிக் காலத்துக்குப் பாராளுமன்றம் தெரிவுசெய்தவர் பிலிமத்தலாவையைச் சேர்ந்த டி.பி. விஜேதுங்க. போட்டியின்றித் தெரிவானவர், 1994 இல் மீண்டும் போட்டியிடாமல் ஊருக்குத் திரும்பியதும் அவரே. நாற்காலியை இப்படி எளிதாக விட்டுப் போனவர்கள் நம் வரலாற்றில் அரிது என்பதால் அவரைக் குறிப்பிட்டுச் செல்கிறேன்.

1994 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் தோற்று 94 ஆசனங்களோடு எதிர்க்கட்சி வரிசைக்குப் போன ஐ.தே.க., தன் பாராளுமன்றக் குழுவுக்குள் வாக்கெடுப்பு நடத்தியது. எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கான அந்தப் போட்டியில் காமினி, ரணில் விக்கிரமசிங்கவை மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதன்வழி ஜனாதிபதி வேட்பாளருமானார். பிரதான கட்சியொன்றின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதை வாக்குகள் எண்ணித் தீர்மானித்த அரிய சந்தர்ப்பம் அது. எண்ணப்பட்டவை நூறுக்கும் குறைவு என்பது வேறு விடயம். அன்று கொழும்பில் இளம் செய்தியாளனாக அந்தப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தபோது எனக்குள் ஒரு பரபரப்பு இருந்தது உண்மை. சில வாரங்களே சென்றன. காமினி கொல்லப்பட்டதும் கட்சி அவரது மனைவி ஸ்ரீமா திசாநாயக்கவை நிறுத்தியது. நவம்பர் 9 இல் சந்திரிகா குமாரதுங்க 62.28 சதவீதம் பெற்று வென்றார். கணவனை இழந்த ஒருவரும், தந்தையையும் கணவனையும் இழந்த இன்னொருவரும் எதிரெதிரே நின்ற தேர்தல் அது.

1999 இல் பதவியிலிருந்தவரும் எதிர்க்கட்சித் தலைவரும் மோதினர். 2005 இல் மகிந்த ராஜபக்ஷவை வேட்பாளராக்கியது சுதந்திரக் கட்சியின் மத்திய குழு. கட்சித் தலைவியான சந்திரிகாவின் மனவிருப்பம் வேறாக இருந்தது ஊரறிந்த இரகசியம்.

2010 இல் ஒரு புதிய வழக்கம் புகுந்தது. ஐ.தே.க. தன் யானைச் சின்னத்தை வீட்டில் கட்டிவிட்டு, ஓய்வுபெற்ற இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவைப் பொது வேட்பாளராக ஆதரித்தது. அவர் எம்.பி.யாக இருந்தவரல்லர்; ஆகவே 31 ஆவது உறுப்புரையின்படி அவருக்கு அங்கீகரிக்கப்பட்ட கட்சியொன்று தேவைப்பட்டது. புதிய ஜனநாயக முன்னணி என்ற கட்சியின் அன்னம் சின்னம் கிடைத்தது. 2015 இல் மைத்திரிபால சிறிசேனவும் அதே அன்னத்தில்தான் வந்தார். 2019 இல் சஜித் பிரேமதாசவும் அதே அன்னம்தான். ஆக, அடுத்தடுத்த மூன்று தேர்தல்களில் இந்நாட்டின் முதலிரு வேட்பாளர்களில் ஒருவரை நியமித்த கட்சி அது. அந்தக் கட்சியின் கிளையொன்றைத் திகனவிலோ கண்டியிலோ கண்டவர்கள் இருந்தால் என்னிடம் சொல்லட்டும். கோடிக்கணக்கான வாக்காளர்களுக்கு முன்னால் வைக்கப்படும் பெயருக்குச் சட்டம் கேட்பது ஒரு செயலாளரின் ஒப்பத்தை மாத்திரமே என்று மேலே சொன்னேன் அல்லவா? அன்னப்பறவை அதற்குச் சாட்சி.

2015 தேர்தலுக்கு முந்திய இரண்டு ஆண்டுகள் பற்றி நிதானமாக எழுத வேண்டும். குடிமக்கள் என்போர் அந்த மூடிய அறையின் கதவைத் தட்டிய காலம் அது. மாதுளுவாவே சோபித தேரரின் தலைமையில் இயங்கிய சமூக நீதிக்கான தேசிய இயக்கம், ஒரே வாக்குறுதிக்காக ஒரு பொது வேட்பாளர் வேண்டுமென்றது. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதே அந்த வாக்குறுதி. தேரரே வேட்பாளராகலாம் என்ற பேச்சும் பலமாக இருந்தது. தொழிற்சங்கத்தார், சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், கலைஞர்கள் கூட்டங்களுக்கு வந்தார்கள். யார் வேட்பாளர் என்பதற்கு முன்னர் எதற்காக வேட்பாளர் என்று கேட்ட கூட்டங்கள் அவை. என் தொழில் வாழ்வில் அப்படியான கேள்வியை அரசியல் கூட்டமொன்றில் கேட்டது அபூர்வம்.

ஆனால் பெயர் அந்தக் கூட்டங்களிலிருந்து வரவில்லை. 2014 நவம்பர் 20 இரவு ஜனாதிபதி மகிந்தவோடு அமர்ந்து அப்பம் உண்ட சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர் மைத்திரிபால, மறுநாள் எதிரணியின் பொது வேட்பாளராக ஊடகங்களின் முன் தோன்றினார். அந்தத் திட்டம் சில தலைவர்களுக்கு மாத்திரம் தெரிந்த இரகசியமாக இருந்தது. இரகசியமாக இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்பதும் உண்மை. அன்றைய ஆட்சியின் கீழ் திறந்த மேடையில் எதிர் வேட்பாளரைத் தேடுவது அவரைக் காட்டிக்கொடுப்பதற்கு ஒப்பானது. எனவே அதைக் குற்றமாகக் கூற நான் தயங்குகிறேன். டிசெம்பர் முதலாம் திகதி கட்சிகளும் சிவில் அமைப்புகளும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. தேர்தலில் மைத்திரிபால 51.28 சதவீதம் பெற்றார். மலையகமும் வடகிழக்கும் அவரை அள்ளி எடுத்தன.

பத்தொன்பதாவது திருத்தம் வந்தது. ஜனாதிபதி அதிகாரம் குறைந்தது, முறை ஒழியவில்லை. தேரர் 2015 நவம்பர் 8 இல் காலமானார். 2018 ஒக்டோபர் 26 இல் மைத்திரிபால, தன்னை வேட்பாளராக்கிய அணியின் பிரதமரை நீக்கிவிட்டு மகிந்தவை அந்த இடத்தில் அமர்த்தினார். வேட்பாளரை உருவாக்குவதில் பங்குகொண்ட குடிமக்கள் அமைப்புகளுக்கு அவரைக் கேள்வி கேட்க ஒரு கைப்பிடியும் எஞ்சவில்லை. அவர்கள் எந்தக் கட்சியின் அங்கத்தவரும் அல்லர். எந்தச் செயலாளரின் ஒப்பமும் அவர்களுடையதல்ல.

அதே 2018 இன் மார்ச் மாதம் எங்கள் ஊருக்கு வேறொன்றையும் கொண்டுவந்தது. திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. மார்ச் 6 இல் அவசரகாலச் சட்டம் பிரகடனமானது. நான் காலையில் பாண் வாங்கும் வீதி அது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். எரிந்த கடைக்காரருக்கும் அதன் பக்கத்திலிருந்த தமிழருக்கும் ஒரே ஒரு தெரிவுதான் மிஞ்சியிருந்தது: பெரும்பான்மைச் சமூகத்தின் கட்சிகள் நிறுத்திவைத்தோரில் தமக்குக் குறைந்த கேட்டைத் தரக்கூடியவர் யார் என்று பார்ப்பது. பெயர்கள் எழுதப்படும்போது அவர்களது குரலுக்கு எங்கும் இடமில்லை. மலையகத்தில் அந்தக் குரலைத் தொழிற்சங்கங்கள் சுமப்பதாகச் சொல்வார்கள். 1988 இல் பிரேமதாசவுக்கும் 2019 இல் கோட்டாபய ராஜபக்ஷவுக்கும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆதரவளித்தது. 2019 இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தின் பக்கம் நின்றது. இந்தத் தீர்மானங்கள் லயத்துக்கு அறிவிப்பாகவே வந்து சேர்ந்தன. சந்தா மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும்; கருத்துக் கேட்பதற்கு அப்படியொரு ஒழுங்கு இல்லை.

2019 இல் ஐ.தே.க.வுக்குள் ஒரு வேடிக்கை நடந்தது. தலைமை இழுத்தடித்தபோது சஜித் பிரேமதாச ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் பதுளை, மாத்தறை, குருநாகல் என்று பெருங்கூட்டங்களைத் திரட்டி, வேட்பாளராகுமுன்னரே வேட்பாளரைப் போல நின்றார். செப்டெம்பர் 26 இல் செயற்குழு பணிந்தது. வாக்குப்பெட்டி இல்லாத நாட்டில் பொதுக்கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணிக் கட்சி தன் வேட்பாளரைத் தீர்மானித்தது என்று சொல்லலாம். பஸ்கள் எத்தனை என்பதும் அந்த எண்ணிக்கையில் அடங்கும். பொதுஜன பெரமுனவில் அந்தச் சிரமமும் இருக்கவில்லை; ஆகஸ்ட் 11 இல் அண்ணன் தம்பியின் பெயரை அறிவித்தார்.

பிற நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்று வெளிநாட்டில் வாழும் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; ரொறொன்ரோவிலும் ஸ்காபரோவிலும் கட்சி அங்கத்துவப் படிவங்களை நிரப்பித் தலைவர் தெரிவில் வாக்களித்த தமிழர்கள் ஏராளம். எங்கள் பக்கத்து வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. அமெரிக்காவிலும் இது தொன்றுதொட்ட உரிமையன்று. 1968 இல் ஹியூபேர்ட் ஹம்ப்ரி ஒரு மாநில முன்தேர்தலிலும் போட்டியிடாமலேயே ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே இளைஞர்களின் தலைகள் உடைந்தன. அந்த அவமானத்தின் பின்னரே விதிகள் மாறி, 1972 முதல் வாக்காளர்களின் முன்தேர்தல்கள் வேட்பாளரைத் தீர்மானிக்கத் தொடங்கின. பிரான்ஸில் சோசலிஸ்ட் கட்சி 2011 இல் ஒரு யூரோ செலுத்தி, இடதுசாரி விழுமியங்களை ஏற்பதாக ஒப்பமிட்ட எந்த வாக்காளரையும் அனுமதித்தது; இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்கள் தெரிந்த பிரான்சுவா ஒல்லாந்த் அடுத்த ஆண்டு ஜனாதிபதியானார். அதே முறையில் 2017 இல் வந்த பெனுவா ஆமோன் 6.36 சதவீதத்தோடு நொறுங்கிப்போனார். முன்தேர்தல் வெற்றிக்கு உத்தரவாதமல்ல. பணமும் கூச்சலும் அங்கேயும் உண்டு. ஆயினும் தோல்வியடைந்த பெயரை எழுதியவர்கள் யார் என்ற கேள்விக்கு அங்கே விடை உண்டு.

இனி 2024. தமிழர்களைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் மையம் இதுவே. வடக்கிலும் கிழக்கிலும் பொது வேட்பாளர் ஒருவரை நிறுத்த வேண்டுமென்ற எண்ணத்தைச் சிவில் சமூகத்தினர் கையிலெடுத்தனர். ஏப்ரல் இறுதியில் வவுனியாவில் கூடினர். தமிழ் மக்கள் பொதுச்சபை உருவானது. ஜூலை 22 இல் யாழ்ப்பாணத்தில் பொதுச்சபையும் ஏழு தமிழ்க் கட்சிகளும் உடன்படிக்கை செய்து தமிழ்த் தேசியப் பொதுக் கட்டமைப்பை அமைத்தன. கட்சியினர் ஏழு பேர், பொதுச்சபையினர் ஏழு பேர் என்று சரிபாதி. கட்சி அல்லாதவர்கள், வேட்பாளர் தெரிவில் கட்சித் தலைவர்களுக்குச் சமமாக எழுத்துமூலம் அமர்ந்த இன்னொரு சந்தர்ப்பத்தை ஒன்பது தேர்தல்களிலும் நான் காணவில்லை. 1982 இல் குமார் பொன்னம்பலம் நின்றது கட்சியின் தீர்மானம். 2010 இலும் 2019 இலும் சிவாஜிலிங்கம் நின்றது தனிமனிதத் தீர்மானம். 2024 அப்படியல்ல.

ஆகஸ்ட் 8 இல் அறிவிக்கப்பட்ட பெயர், மட்டக்களப்பு மாவட்ட முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன். அவரது தகுதி பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் ‘முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்’ என்ற அந்த அடைமொழியைக் கவனிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியொன்றின் செயலாளர் தன் சின்னத்தைக் கொடுத்தாலன்றி, அந்தப் பொதுச்சபை ஒரு பேராசிரியரையோ, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடி வீதியோரத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் ஒரு தாயையோ வேட்பாளராக்கியிருக்க முடியாது. குடிமக்கள் கூடித் தேடினார்கள். சட்டம் அவர்களைப் பழைய எம்.பி.க்களின் பட்டியலுக்குள்ளேயே தேட வைத்தது. அவர் சங்குச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அவரது சொந்தக் கட்சியான இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு, செப்டெம்பர் 1 இல் சஜித்தை ஆதரிப்பதென்றும் அவர் விலக வேண்டுமென்றும் தீர்மானித்தது. குமார் பொன்னம்பலத்தின் மகன் கஜேந்திரகுமாரின் அணியோ பகிஷ்கரிக்கச் சொன்னது. இத்தனைக்கும் நடுவே சங்குக்கு 226,343 வாக்குகள் கிடைத்தன, யாழ். மாவட்டத்தில் சஜித்துக்கு நெருங்கிய இரண்டாமிடம்.

மலையகத்திலிருந்தும் ஒருவர் நின்றார்: நுவரெலியா மாவட்ட முன்னாள் உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜ். வெல்வதற்காக அல்ல, மலையகத்தவரின் பிரச்சினைகளைத் தேசிய மேடையில் பேசுவதற்காக. அவரும் முன்னாள் எம்.பி. என்பதால்தான் அது சாத்தியமானது. கிடைத்த வாக்குகள் மிகச் சொற்பம். அவருக்குப் பின்னால் பொதுச்சபை எதுவும் இருக்கவில்லை. எங்கள் மக்கள் அப்படியொன்றைக் கூட்ட இன்னும் முயலவில்லை என்பதை ஒரு மலையகத்தவனாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. நம் வாக்குச்சீட்டில் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களைக் குறிக்க 1982 முதலே இடமுண்டு. முதல் சுற்றில் மனத்துக்கு உகந்தவருக்கும் அடுத்ததாக வெல்லக்கூடியவருக்கும் அடையாளமிடலாம். வேட்பாளர் தெரிவில் இடமில்லாத வாக்காளனுக்குச் சட்டம் கொடுத்த சிறிய ஆறுதல் இது. 2024 இல் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் முதன்முறையாக அவை எண்ணப்பட்டன. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீத முதல் வாக்குகளோடு தொடங்கி இரண்டாவது எண்ணிக்கையில் வெற்றி பெற்றார். ஆனால் பெரும்பாலானோர் வழமைபோல ஒரு புள்ளடியோடு நிறுத்திக்கொண்டனர். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்காத குற்றத்தில் பத்திரிகையாளர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு.

சில வாரங்களின் பின்னர் திகன பஸ் தரிப்பிடத்தில் அந்த முதியவரை மீண்டும் கண்டேன். 31 ஆவது உறுப்புரையை இயன்றவரை எளிமையாக விளக்கினேன். கட்சிச் செயலாளர், பழைய எம்.பி., கட்டுப்பணம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நம்ம தோட்டத்து ஸ்கூல்ல படிச்சுக் குடுத்த வாத்தியாரு மாதிரி ஒருத்தரை நாம சேர்ந்து நிறுத்த ஏலாதா?"

"கட்சி ஒன்று சின்னம் கொடுத்தால் ஏலும். இல்லாவிட்டால் அவர் முதலில் எம்.பி.யாக இருந்திருக்க வேண்டும், ஐயா."

"எம்.பி. லிஸ்ட்டுல பேரு போடுறது யாரு?"

தெல்தெனிய பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிக்கொண்டார்.